சங்கம், சாலை, சபை: வள்ளலார் வழியில் எளிய வாழ்வு வாழ ஒரு முழு வழிகாட்டி

எளிமையாக வாழ வேண்டும் என்று முடிவெடுத்தவர் முதலில் போய்த் திறப்பது பீரோவை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பத்துச் சட்டைகளை மூட்டை கட்டிக் கொடுத்தேன். டிவியை மாமனார் வீட்டுக்கு அனுப்பினேன். பூஜை அலமாரியில் புதிதாக ஒரு கண்ணாடி விளக்கு வாங்கி வைத்தேன். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் சட்டைகள் பன்னிரண்டாகியிருந்தன. முன்னதைவிடப் பெரிய டிவி சுவரில் ஏறியிருந்தது. விளக்கு மட்டும் தூசி படிந்து இருந்த இடத்திலேயே இருந்தது.

எங்கே தவறினேன் என்பது, வள்ளலார் தருமச்சாலையும் சபையும் அமைத்த வடலூருக்குப் போய் வந்த பிறகுதான் புரிந்தது. வள்ளலார் செய்தவற்றை வருட வரிசையில் பாருங்கள். 1865-ல் சன்மார்க்க சங்கம் தொடங்கினார். 1867 மே 23 அன்று, பசித்தவர்களுக்குச் சோறு போடும் தருமச்சாலையின் அடுப்பை மூட்டினார். ஜோதிக்கான கோயிலாகிய சத்திய ஞான சபையில் வழிபாடு தொடங்கியதோ 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்றுதான். முதலில் நாலு பேர் சேர்ந்தார்கள், அப்புறம் அடுப்பு எரிந்தது, கோயில் கடைசியாக வந்தது. நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். விளக்கில் தொடங்கி, அடுப்புக்கு வராமலே, ஆள் சேராமலே விட்டுவிடுகிறோம். இந்த வழிகாட்டி அவர் போன வரிசையிலேயே போகிறது.

நான் பண்டிதன் இல்லை. கடலூர்ப் பக்கம் குடும்பத்தோடு இருக்கிறவன், பன்னிரண்டு வருடமாக ஒரு சிறு சங்கத்தில் பாத்திரம் கழுவுகிறவன். துறவு பற்றி எனக்குத் தெரியாது. வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டு எந்த அளவுக்கு முடியும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதல் படி: ஒரு சாதாரண நாளில் வடலூர் போய் வாருங்கள்

தைப்பூசத்தன்று போகாதீர்கள். அன்று லட்சக்கணக்கில் கூட்டம். சபையில் ஜோதியை மறைக்கும் ஏழு திரையும் விலக்கி, ஆறு காலம் ஜோதி தரிசனம் நடக்கும். அதைப் பார்க்க வேண்டியதுதான், ஆனால் முதல் தடவைக்கு அது வேண்டாம். மாதந்தோறும் பூச நட்சத்திரத்தன்று வரும் மாதப் பூசமும் பிறகு ஆகட்டும். அன்று ஆறு திரை விலக்கிக் காட்டுவார்கள், அதற்கும் கூட்டம் இருக்கும். ஒரு செவ்வாயோ புதனோ கிளம்புங்கள்.

சென்னையிலிருந்து கும்பகோணம் போகும் பேருந்துகள் பண்ருட்டி, நெய்வேலி வழியாக வடலூரைத் தொட்டுத்தான் போகின்றன. கடலூர் - விருத்தாசலம் ரயில் பாதையிலும் வடலூருக்கு நிலையம் உண்டு. இறங்கியதும் எல்லோரும் சபைக்குத்தான் போவார்கள். நீங்கள் முதலில் தருமச்சாலைக்குப் போங்கள். அங்கே அந்த நீளமான அடுப்பு இருக்கிறது. 1867-ல் மூட்டிய நெருப்பு இன்றுவரை அணையவில்லை என்பார்கள். தாது வருஷப் பஞ்சம் 1876-ல் வந்தபோது அந்த அடுப்புக்கு வயது ஒன்பது. பக்கத்தில் நின்றால் முகத்தில் அனல் அடிக்கும். விறகு தள்ளுகிறவர் ஒதுங்கச் சொல்வார், ஒதுங்கி நில்லுங்கள். பிறகு பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நம்மிடம் காசிருக்கிறதே, ஏழைக்குப் போட வேண்டிய சோற்றை நாம் சாப்பிடலாமா என்று கூச்சம் வரும். அந்தக் கூச்சத்தோடே சாப்பிடுங்கள். பக்கத்து இலைக்காரர் யார், என்ன சாதி, எந்த ஊர் என்று யாரும் கேட்காத பந்தி அது. அதில் ஒரு தடவை உட்காராமல் இந்த வழி பிடிபடாது.

அதன் பிறகு சபைக்குப் போகலாம். எண்கோண வடிவக் கட்டடம். கொலையும் புலையும் தவிர்த்தவர்கள் மட்டுமே உள்ளே வர வேண்டும் என்று வாசலில் எழுதியிருக்கும். புலை என்றால் புலால், அதாவது இறைச்சி. நான் முதன்முதலாகப் போனபோது அதைப் படித்துவிட்டு வெளியிலேயே நின்றேன், முந்தின நாள் வீட்டில் வஞ்சிரம் என்பதால். யாரும் என்னைத் தடுக்கவில்லை, பரிசோதிக்கவும் இல்லை. அந்தப் பலகையும் என் வயிறும் மட்டும்தான் பேசிக்கொண்டோம்.

நேரமிருந்தால் ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளியுள்ள மேட்டுக்குப்பத்துக்கும் போய் வாருங்கள். 1874 ஜனவரி 30 அன்று வள்ளலார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட அறை அங்கேதான், சித்திவளாகத்தில். வழியில் கருங்குழி வருகிறது. வள்ளலார் தங்கியிருந்தபோது தண்ணீரில் விளக்கெரிந்ததாகச் சொல்லப்படும் வீடு அந்த ஊரில்.

சபையைச் சுற்றிப் பரந்து கிடக்கும் வெற்றிடத்துக்குப் பெருவெளி என்று பெயர். அன்றைக்குப் பார்வதிபுரம் ஊர்மக்கள் சேர்ந்து எண்பது காணி நிலம் கொடுத்தார்கள், இன்றைய கணக்கில் நூறு ஏக்கருக்கு மேல். ஒரு ஜமீனோ ராஜாவோ எழுதி வைத்ததில்லை, ஊரே கூடிக் கொடுத்தது. 2024-ல் அங்கே வள்ளலார் சர்வதேச மையம் கட்டும் வேலை தொடங்கியபோது அதே பார்வதிபுரத்துக்காரர்கள் பெருவெளியை வெளியாகவே விடச் சொல்லிப் போராடினார்கள். கட்டடம் வேண்டுமா வேண்டாமா என்பதில் வள்ளலார் வழியில் நடக்கும் சன்மார்க்கிகளுக்குள்ளேயே இரண்டு கட்சி. நான் வெட்ட வெளிக் கட்சி.

இரண்டாம் படி: நாலு வீடு சேருங்கள்

தனியாக எளிமையாக இருக்க முயன்றால் சீக்கிரமே இரண்டில் ஒன்று நடக்கும். அலுத்துப்போய் விட்டுவிடுவீர்கள், அல்லது உங்களைப் பற்றி உங்களுக்கே பெருமை வந்துவிடும். இரண்டாவது இன்னும் மோசம். இரண்டுக்கும் ஒரே மருந்து, வாரம் ஒருமுறை முகம் பார்க்கும் நாலு பேர்.

உங்கள் ஊரில் ஏற்கெனவே சன்மார்க்க சங்கம் இருக்கலாம். தமிழ்நாட்டில் சின்ன ஊர்களில்கூட ஒரு மஞ்சள் வெள்ளைக் கொடியும் ஓலைக் கொட்டகையுமாக ஒன்று இருக்கும். போய், ஒரு மாதம் வாயைத் திறக்காமல் வேலை மட்டும் செய்யுங்கள். அங்கே யார் உண்மையில் சமைக்கிறார், யார் மைக் பிடிக்கிறார் என்பது அதற்குள் தெரிந்துவிடும். சமைக்கிறவர் பக்கம் நில்லுங்கள்.

சங்கம் இல்லாத ஊரா? அப்படியென்றால் நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரே தெருவில், அல்லது நடந்து போகிற தூரத்தில் நாலைந்து குடும்பங்கள் போதும். வாட்ஸ்அப் குழுவை முதல் ஆறு மாதம் தொடங்காதீர்கள். தொடங்கினால் அதில் காலை வணக்கப் படங்கள்தான் வரும், ஆள் வராது. நாங்கள் தொடங்கியபோது ஐந்து வீடு. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஒருவர் வீட்டுத் திண்ணையில் கூடுவோம். ஒரு விளக்கு ஏற்றுவோம். “அருட்பெருஞ்ஜோதி” என்று தொடங்கும் மகாமந்திரம் சொல்லி, வள்ளலாரின் நீண்ட பாடலான அருட்பெருஞ்ஜோதி அகவலில் ஒரு பகுதி படிப்போம். முழு அகவல் 1596 அடி, ஒரே மூச்சில் படித்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். குழந்தைகள் நெளிவார்கள். அதனால் நூறு நூறு அடியாகப் பிரித்துக்கொண்டோம். அது முடிந்ததும் அந்த வாரக் கணக்கு: யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எத்தனை அரிசி சேர்ந்தது, அடுத்த சமையல் யார். அவ்வளவுதான் கூட்டம்.

ஒருவரையொருவர் ஐயா, அம்மா என்றே கூப்பிட்டுக்கொள்கிறோம், வயது வித்தியாசம் பார்ப்பதில்லை. முதலில் நாடகம் மாதிரி இருந்தது. எங்களோடு சேர்ந்த ஒரு துப்புரவுப் பணியாளரை, ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியர் மூன்றாவது வாரம் “ஐயா, அந்தக் கரண்டியைக் கொடுங்க” என்று சொன்னபோது அது நாடகமில்லை என்று தெரிந்தது. கரண்டியைக் கொடுத்தவர் பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

சண்டை வரும், அதையும் சொல்லிவிட வேண்டும். பணம், மைக், யார் பெயர் பேனரில் என்ற மூன்றும்தான் சங்கங்களை உடைக்கின்றன. வள்ளலாரே கடை விரித்தேன், கொள்வாரில்லை என்று நொந்துகொண்டதாகச் சொல்வார்கள். அவருக்கே அப்படியென்றால் நமக்கு எம்மாத்திரம்? நாங்கள் மூன்றையும் எடுத்துவிட்டோம். பேனர் கிடையாது, மைக் கிடையாது. பணமாக வாங்குவதில்லை, அரிசி பருப்பாக மட்டும்.

மூன்றாம் படி: அடுப்பு

இந்த வழியின் உயிர் இங்கேதான். வள்ளலார் ஜீவகாருண்யம் என்று சொன்னதைப் பல பக்கங்களில் விளக்கலாம், நடைமுறையில் அது பசித்தவருக்குச் சோறு போடுவது. உங்கள் எளிய வாழ்வுக்கு இது எப்படி உதவும் என்று கேட்பீர்கள். மாதம் ஒருமுறை ஐம்பது பேருக்குச் சமைத்துப் பாருங்கள். அதற்கப்புறம் ஓட்டலில் நானூறு ரூபாய்க்கு ஒரு தோசை என்றால் கை தானாகப் பின்வாங்கும். எத்தனை கிலோ அரிசி அது என்று மனசு கணக்குப் போட்டுவிடும். நான் எதையும் விட வேண்டும் என்று விடவில்லை. அந்தக் கணக்குதான் ஒவ்வொன்றாக விடவைத்தது.

பிடியரிசியில் தொடங்குங்கள். தினமும் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போடுவது. நம் பாட்டிகளுக்குப் புதிதில்லை. ஒரு பிடி என்பது ஐம்பது கிராம் வரும், மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. ஐந்து வீடு என்றால் ஏழரைக் கிலோ. யாருக்கும் பாரம் தெரியாது. அதை வீட்டில் சமைக்கிறவர் கையால் போட வேண்டும் என்பதும், சமைக்கிறவர் எப்போதும் மனைவியாகவே இருக்கக்கூடாது என்பதும் எங்கள் சங்கத்தின் எழுதாத விதிகள். இரண்டாவது விதியைக் கொண்டுவந்தவர்கள் பெண்கள்.

சமையலுக்கு அளவு சொல்கிறேன். ஐம்பது பேருக்குச் சாம்பார் சாதம் என்றால் அரிசி 5 கிலோ, துவரம்பருப்பு ஒன்றேகால் கிலோ, காய் 3 கிலோ. கோடையில் சாதத்தைவிடக் கஞ்சி நல்லது. ஒரு கிலோ நொய்க்குப் பன்னிரண்டு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் பாசிப்பருப்பு, சீரகம், உப்பு. கால் லிட்டர் குவளையால் ஊற்றினால் நாற்பது பேருக்குக் குறையாது. தொட்டுக்கொள்ளத் துவையல். தேங்காய் சேர்க்காதீர்கள், கெட்டுவிடும்.

கெட்டுப்போவது பற்றி எனக்கு நன்றாகவே தெரியும். மூன்றாவது மாதமோ நாலாவது மாதமோ, உற்சாகத்தில் விடியற்காலை நாலு மணிக்கே சமைத்து, ஆறு மணிக்குச் சூடாக அண்டாவில் போட்டு இறுக்கி மூடிவிட்டேன். ஒரு மருத்துவமனை வாசலில் பரிமாறும்போது மணி பன்னிரண்டரை. சித்திரை மாதம். வரிசையில் நின்ற ஒரு பாட்டி இலையை வாங்கி, ஒரு வாய் எடுத்து, மூக்கருகே கொண்டுபோய், எதுவும் சொல்லாமல் இலையை மடித்துச் சுவரோரம் வைத்துவிட்டு நகர்ந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதற்குள் பதினைந்து பேர் சாப்பிட்டிருந்தார்கள். மீதியைக் கொட்டிவிட்டு, எதிரே இருந்த கடையில் வாழைப்பழமும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தோம். அன்று சாயங்காலம் வரை யாருக்காவது வயிற்றுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அந்த வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து ஒரே சட்டம்: பத்து மணிக்கு முன்னால் சாதத்தைக் கிளறக்கூடாது, கிளறி இரண்டு மணி நேரத்துக்குள் அண்டா காலியாக வேண்டும். நம் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்கும் சோற்றை யாருக்கும் போடக்கூடாது.

இடம் தேர்வு முக்கியம். கோயில் வாசலில் ஏற்கெனவே நிறையக் கிடைக்கும். அரசு மருத்துவமனைகளில் நோயாளிக்கு உள்ளே உணவு கொடுத்துவிடுவார்கள், கூட இருப்பவர்தான் டீயும் பன்னுமாக நாளை ஓட்டுவார். வெளியூர்க் கூலித் தொழிலாளர்கள் தங்கும் கட்டட வேலை இடங்கள், பேருந்து நிலையத்தில் இரவு தங்குகிறவர்கள் என்று கண்ணைத் திறந்து பார்த்தால் தெரியும். பொது இடமென்றால் உரியவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். தொடர்ந்து, பெரிய அளவில் செய்வதாக இருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் பதிவு பற்றிக் கேட்டுவிடுங்கள்.

போட்டோ எடுக்காதீர்கள். சோறு வாங்கும் கையைப் படம் பிடித்துப் போடுவது எனக்கு அருவருப்பாக இருக்கிறது, வேறு சொல் கிடைக்கவில்லை. கடன் வாங்கியும் செய்யாதீர்கள். குடும்பத்தைப் பட்டினி போட்டுவிட்டு ஊருக்குச் சோறு போடச் சொல்லவில்லை அவர்.

நான்காம் படி: உங்கள் தட்டு

நாலு பேருக்குச் சோறு போடத் தொடங்கிய பிறகுதான் என் தட்டைப் பற்றி யோசித்தேன். சன்மார்க்கத்தில் இதற்கு விட்டுக்கொடுப்பு இல்லை, கொலையும் புலாலும் கூடாது. ஆனால் வீட்டில் எப்படிக் கொண்டுவருவது என்பதில் புத்தி வேண்டும்.

கடலூர்க்காரன் வீட்டில் மீனை நிறுத்துவது என்றால் சும்மாவா? நான் ஒரு வெள்ளிக்கிழமை “இனிமேல் நம் வீட்டில் மீன் கிடையாது” என்று அறிவித்தேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. ஞாயிறன்று பின்கட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்தது, தெரு முழுக்க மணம். “உனக்கு வேணாம்னா சாப்பிடாதேப்பா. என் நாக்கை நீ ஏன் கட்டுறே?” என்றார். அவர் சொன்னதில் தவறே இல்லை. அம்மா கடைசிவரை அதை விடவில்லை, நானும் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. என் மனைவி ஒரு வருடம் கழித்துத் தானாக நிறுத்தினாள். பெரியவன் வெளியில் சாப்பிடுகிறான் என்று தெரியும், கேட்பதில்லை.

ஆகவே உங்கள் தட்டில் மட்டும் நிறுத்துங்கள். அறிவிப்பு வேண்டாம். மீனும் முட்டையும் போன இடத்தில் அப்பளத்தை வைத்துவிடக் கூடாது. கொண்டைக்கடலை, மொச்சை, காராமணி, பாசிப்பயறு என்று தினமும் ஒரு பருப்பு வகை தட்டில் இருக்கட்டும். கீரை வாரத்துக்கு நாலு நாள். பாலும் தயிரும் குறைவாகச் சாப்பிடுகிறவர் என்றால் வைட்டமின் பி12 அளவை அவ்வப்போது ரத்தத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. அசதி வந்தால் அதைத் தவம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. நம் நாட்டில் சைவச் சாப்பாடு சாதிப் பெருமையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வள்ளலார் சாதியையும் சமயச் சண்டையையும் குப்பை என்று தள்ளியவர். நான் சைவம், நீ அசைவம் என்று ஒருவரைக் கீழே பார்க்கத் தொடங்கினால் தட்டில் என்ன இருந்தாலும் இந்த வழி உங்களை விட்டுப் போய்விட்டது. புலால் உண்கிறவர்களைப் புறவினத்தார் என்று அவர் சொன்னது உண்மைதான், ஆனால் பசி என்று வந்தால் அவர்களுக்கும் சோறு போட வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னார். முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பவர்களைச் சங்கத்தில் பார்ப்பீர்கள். அவர்களிடம் கரண்டியைக் கொடுத்துவிடுங்கள், பந்தியில் இரண்டு மணி நேரம் நின்றால் சரியாகிவிடும்.

ஐந்தாம் படி: துணி

வள்ளலார் உடுத்தியது வெள்ளைத் துணி, தலையையும் மூடிய முக்காடு. இதை வேஷமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. நான் எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். அலுவலகத்துக்கு நாலு சட்டை, வீட்டுக்கு மூன்று வேட்டி, சங்க நாளுக்கு ஒரு வெள்ளைச் சட்டை. புதிது வந்தால் பழையது ஒன்று போக வேண்டும். வெள்ளையை வெள்ளையாக வைத்திருக்க உஜாலா சொட்டு நீலமும் நல்ல வெயிலும் போதும். சாம்பார்க் கறை மட்டும் போகாது, சமையல் நாளில் பழைய லுங்கி கட்டிக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கு இது அவ்வளவு எளிதில்லை. நம் ஊரில் வெள்ளைப் புடவைக்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். என் மனைவி முதல் பூசத்தன்று வெள்ளைப் புடவை எடுத்தபோது என் மாமியார் அழுதே விட்டார், “அவரு குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது ஏண்டி இப்படி?” என்று. புருஷன் செத்தால் மனைவியின் தாலியை வாங்கக்கூடாது என்று நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே எழுதி வைத்தவர் வள்ளலார் என்று மனைவி எடுத்துச் சொன்னாள். மாமியார் சமாதானமாகவில்லை. இப்போது ஒரு மெல்லிய மஞ்சள் கரையிட்ட வெள்ளை, அது இருவருக்கும் ஒப்புதல்.

ஆறாம் படி: விளக்கும் நாளும்

கடைசியாகத்தான் விளக்கு. ஒரு சின்ன விளக்கு, அல்லது கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு தீபம், அவ்வளவே. படங்கள், சிலைகள் வைத்திருக்கிறவர்கள் அவற்றை ஒரே நாளில் இறக்கி வைத்து வீட்டைக் கலவரமாக்க வேண்டாம். விளக்கு முன்னால் உட்கார்ந்து “அருட்பெருஞ்ஜோதி அருட்பெருஞ்ஜோதி தனிப்பெருங்கருணை அருட்பெருஞ்ஜோதி” என்று மெதுவாகச் சொல்லுங்கள். பத்து நிமிடம். வேண்டுதல் பட்டியல் வாசிக்காதீர்கள்.

சூரியன் வருமுன் எழுந்திருப்பது, வெந்நீர் குடிப்பது, அரை வயிறு சாப்பிடுவது, கொஞ்சம் உலாவுவது என்று அன்றாடத்துக்கும் விரிவாகவே சொல்லி வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் தொடங்கினால் வியாழக்கிழமை விட்டுவிடுவீர்கள். இரவு சீக்கிரம் படுப்பதை மட்டும் பிடித்தால் மற்றவை ஓரளவு பின்னால் வரும். எங்கள் வீட்டில் ஒன்பது மணிக்குக் கைபேசிகள் எல்லாம் அரிசி டப்பா பக்கத்தில் போய்விடும், என்னுடையதும்தான்.

காலையில் காபிக்குப் பதில் மூலிகைப் பொடி உண்டு. நிழலில் உலர்த்திய கரிசலாங்கண்ணி ஒரு பங்கு, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் ஒவ்வொன்றும் அதில் கால் பங்கு. இடித்துச் சலித்து, ஒரு ஸ்பூன் போட்டுக் கொதிக்கவைத்து, பனைவெல்லம் சேர்த்துக் குடிப்பது. சர்க்கரை நோய்க்கோ வேறு எதற்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு ஞாயிறு மட்டும் டிகிரி காபி உண்டு. சங்கத்துக்கும் தெரியும்.

ஏழாம் படி: கல்யாணமும் சாவும்

மாதச் செலவைக் குறைத்து மிச்சம் பிடிப்பவன் ஒரு கல்யாணத்தில் பத்து வருடச் சேமிப்பை விட்டுவிடுவான். எளிய வாழ்வு உண்மையில் சோதனைக்கு வருவது இங்கேதான். எங்கள் சங்கத்தில் நடந்த கல்யாணங்களில் விளக்கேற்றி, அகவல் படித்து, பெரியவர்கள் எடுத்துக் கொடுக்கத் தாலி கட்டிச் சாப்பாடு போட்டு முடித்தார்கள். சம்பந்தி வீட்டாரிடம் நிச்சயத்துக்கு முன்பே பேசிவிட வேண்டும். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த பிறகு எளிமை பேசினால் கஞ்சத்தனம் என்றுதான் காதில் விழும்.

சாவு விஷயத்தில் வள்ளலார் சொன்னது இன்னும் தெளிவு. எரிக்க வேண்டாம், அடக்கம் செய்யுங்கள். கருமாதி, திதி என்று சடங்கு வேண்டாம், ஒரு நாள் குறித்து ஏழைகளுக்குச் சோறு போடுங்கள். நகரங்களில் அடக்கத்துக்கு இடம் கிடைப்பது இப்போது சிரமம். உங்கள் நகராட்சி இடுகாட்டில் என்ன நடைமுறை என்று முன்பே விசாரித்து வையுங்கள். பங்காளிகள் அன்றைக்கு வந்து நின்று, பிண்டம் வைக்காமல் எப்படி என்பார்கள். அழுதுகொண்டிருக்கும் மனைவியோ மகனோ அப்போது வாதாட முடியாது. அதனால் எழுதி வைத்துவிடுங்கள்.

நான் போன ஆடியில் எழுதினேன். ஒரு நகல் மனைவியிடம், ஒன்று சங்கத்தில் மூத்த அம்மாவிடம். எங்கே அடக்கம், யாருக்குச் சொல்ல வேண்டும், என்னென்ன செய்ய வேண்டாம் என்று அரைப் பக்கம். மீதி அரைப் பக்கம் சமையல் குறிப்பு. ஐந்து கிலோ அரிசி, ஒன்றேகால் கிலோ பருப்பு, மூன்று கிலோ காய். பெரிய அண்டா மாடிப்படிக்குக் கீழே, அதன் மூடி மட்டும் எதிர் வீட்டில் இருக்கிறது, கேட்டு வாங்கவும். மருத்துவமனை வாசலில் வடக்குப் பக்கம் நிழல் உண்டு. பத்து மணிக்கு முன்னால் சாதத்தைக் கிளற வேண்டாம்.